அப்பா நெற்றியில் ஓர் இலை

எங்கள் குடும்பத்தில் என் தங்கை ஒருத்தியைத் தவிர யாரும் எதையும் இரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியதில்லை. அவள் சேகரித்த செடிகளுக்கு ஒரு பேரேடு உண்டு. அதில் முதல் செடியின் எண் இரண்டு. ஒன்று என்று போட்ட இடம் முப்பத்தோரு வருடமாக வெற்று வரியாகவே இருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, ஓர் அடித்தல் திருத்தம் இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். அந்த வெற்று வரியைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். கேட்டால், "அது ஒருத்தருக்காக வெச்சிருக்கேன் அண்ணா" என்பாள். யாருக்கு என்று கேட்டால் சிரிப்பாள்.

அவள் தொழிலை வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதும் என் தலையில்தான் விழும். "மலையிலும் காட்டிலும் வாழும் மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியை" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, தன் முழங்கால் வலிக்கு என்ன தேய்க்கலாம் என்று அவளிடம் கேட்கச் சொல்வார். தெருவில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். என் காதுபட யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வருடத்தில் பாதி நாள் அவள் வீட்டில் இருப்பதில்லை. ஒரு தகரப் பெட்டி, இரண்டு மரச் சட்டங்கள், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் என்று புறப்படுவாள். அட்டை கடித்த கால்களும் கறுத்த முகமுமாகத் திரும்பி வருவாள். யார் என்ன சாப்பிடக் கொடுத்தாலும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். ஒருமுறை நாக்கு மரத்துப்போய் இரண்டு நாள் பேச்சே வரவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது என்று என் மனைவி இன்றும் நினைவுகூர்வாள். இளவயதில் அவளுக்குச் சம்பந்தம் பேச ஒரு குடும்பம் வந்தது. வந்த அம்மாள் தலைமுடிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார், அதில் என்ன இலை போடுகிறார், யார் சொல்லிக்கொடுத்தார் என்று இவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் மட்டும் வரவில்லை. பேரேட்டில் அது பதினேழாம் எண்.

என் பெரிய சட்டப் புத்தகங்கள் ஒன்பதும் அவள் செடிகளை அழுத்தும் மரச் சட்டத்தின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு அவற்றுக்கு வேறு வேலை இல்லை என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு ஊரைச் சுற்றி மருந்து கேட்டவளுக்கு ஒரே ஒரு மருந்து கிடைத்ததில்லை. அது எங்கள் வீட்டு இருமல் மருந்து. நான்கு தலைமுறையாகக் குடும்பத்தின் மூத்த மகனுக்கு மட்டும் சொல்லப்படுவது. கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பா என் காதில் சொன்னார். மாதம் ஒருமுறை பின்கட்டு அறையில் தாழ் போட்டுக்கொண்டு நான் அதைக் காய்ச்சுவேன். தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் புட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். சிறுமியாக இருந்தபோது என் தங்கை அந்தத் தாழ்ப்பாளின் வெளிப்பக்கம் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். அப்பா அவளை எழுப்பி அனுப்பிவிடுவார். பிறகு நானும் அனுப்பினேன். மரபு மரபுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 

நாலு வருடமாக அவள் ஒரே மலையில், ஒரே சமூகத்தாரோடு வேலை செய்துவந்தாள். முந்நூற்று நாற்பது செடிகள்; அவற்றுக்குப் பேரேட்டைச் சேராத தனி எண் வரிசை. அவர்கள் சொன்னதையெல்லாம் புத்தகமாக அச்சிடவும், செடி ஒட்டிய தாள்களைப் பல்கலைக்கழகத் தாவரக் காப்பகத்தில் வைக்கவும் அவர்கள் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஒப்பந்தம் என்று வந்தால் இந்த வீட்டில் யார் எழுதுவது? நான்தான் எழுதினேன். பதினோரு பிரிவுகள். அவர்கள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள்: அச்சுக்குப் போகும் முன் தாள்கள் முழுவதையும் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்; சேகரித்தவர் ஒன்றைத் தவறாக எழுதியிருந்தாலும் எல்லாம் அவர்களுக்கே திரும்பும். இதை ஏழாம் பிரிவாக, எந்த வழக்கறிஞரும் விரல் நுழைக்க முடியாதபடி இறுக்கிக் கட்டினேன். என் தங்கை படித்துப் பார்த்து, "கொஞ்சம் இளக்கமா எழுதியிருக்கலாம் அண்ணா" என்றாள். இந்த வீட்டிலிருந்து தவறான தாள் போகும் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். அவள் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் மலையிலிருந்து கடைசிக் கட்டை, இருநூறாம் எண்ணிலிருந்து மிச்சம் எல்லாவற்றையும், கொண்டுவந்தாள். வந்த மறுநாளே பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் கூட்டம். ஈரச் செடிகளுக்குத் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். என்னிடம் கேட்டாள். முறை எளிது. ஒவ்வொரு செடியும் ஒரு மடித்த செய்தித்தாளுக்குள் இருக்கும். தாளின் ஓரத்தில் பென்சிலால் எண், உள்ளே அதே எண்ணோடு ஓர் அட்டைச் சீட்டு. செடியையும் சீட்டையும் சேர்த்து உலர்ந்த தாளுக்கு மாற்றி, ஓரத்தில் எண்ணை எழுத வேண்டும். "ஒவ்வொண்ணா மாத்துங்க அண்ணா. ரெண்டு தாளை ஒரே நேரத்துல பிரிக்காதீங்க. அவ்வளவுதான்" என்றாள். முப்பத்து நான்கு வருடம் பத்திரங்களைக் கையாண்டவனிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளைப் பிரித்தேன். உள்ளே என் அப்பா இருந்தார்.

அவர் இறந்தபோது செய்தித்தாளில் கால் பக்கத்துக்கு நாங்கள் கொடுத்த மறைவுச் செய்தி. கோட்டு, கண்ணாடி, யாரையும் மன்னிக்காத அந்தப் பார்வை. அவர் நெற்றியின் மேல் ஈரம் சொட்ட ஒரு காட்டு இலை படுத்திருந்தது. என் தங்கை அவசரத்தில் பழைய கட்டிலிருந்து பார்க்காமல் உருவியிருப்பாள். ஆனாலும் அப்பாவை ஈரத்தில் விட்டுவைக்க முடியாது. அடுத்த தாள் ஏற்கெனவே பாதி பிரிந்து கிடந்தது. இந்தச் செடியையும் சீட்டையும் எடுத்து அதன் மேல் வைத்தேன். அப்பாவை மடித்து இரும்பு அலமாரியில், என் பணிச் சான்றிதழ்களுக்கு நடுவே பத்திரப்படுத்திவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் ஒரே தாளில் இரண்டு செடிகள். இரண்டு சீட்டுகளும் சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றின் ஓரம் ரம்பம் போல, மற்றது வழவழப்பு. எது பன்னிரண்டு, எது பதின்மூன்று? கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். சிறியது முன்னால், பெரியது பின்னால் என்பது எந்த அலுவலகத்திலும் உள்ள வரிசை. சிறிய செடிக்குச் சிறிய எண்ணைக் கொடுத்தேன். தங்கை திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினேன். அவள் தொலைபேசியில் யாரிடமோ, "எங்க அண்ணா மாத்தியிருக்காரு, தப்பே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

வழக்கமாக அவள் ஒவ்வொரு செடியையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத்தான் காப்பகத் தாளில் ஒட்டுவாள். அந்தக் கட்டை மட்டும் என் சீட்டுகளை நம்பி அப்படியே ஒட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து மலையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஓர் அம்மாள், அறுபத்தைந்து வயது இருக்கும். செடியைக் கண்ணால் பார்க்கும் முன் மூக்கால் பார்ப்பவர் என்பதால் என் தங்கை அவரை மூக்கு அக்கா என்று கூப்பிடுவாள். மற்றவர் அவருடைய தம்பி. அவர் அதிகம் பேசவில்லை. முதுகில் ஒரு பெரிய காலிக் கூடை. வாசலில் செருப்பு விடும் இடத்தில் அதை இறக்கி வைத்தார். என் மனைவி அது எதற்கு என்று கேட்டாள். எல்லாத் தாளும் திரும்பிப் போக வேண்டி வந்தால் தூக்கிப் போக என்றார். முந்நூற்று நாற்பது தாள் கொள்ளும் அளவுக்கு அதைச் சரியாக முடைந்திருந்தார்கள். ஏழாம் பிரிவை அவர்கள் படித்திருந்தார்கள்.

கூடத்தில் பெரிய மேசையைப் போட்டோம். மூக்கு அக்கா நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தங்கை தாளை எடுத்து நீட்டுவாள், சீட்டைப் படிப்பாள். அந்த அம்மாள் குனிந்து முகர்வார், நகத்தால் ஒரு ஓரத்தைக் கீறி மறுபடி முகர்வார், தலையாட்டுவார். அவர் தம்பி ஒரு கோடு போடுவார். காய்ந்து இரண்டு மூன்று வருடமான செடியில் அப்படி என்ன வாசனை மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முதல் நாள் நூற்றெண்பது முடிந்தது. ஒன்றும் தவறில்லை. நான் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தம்பி என்னைக் காட்டி, இவர் எப்போதுமே இப்படித்தானா, முதுகில் ஏதாவது அடிபட்டதா என்று என் மனைவியிடம் அக்கறையாக விசாரித்தார். பிறவியிலேயே அப்படித்தான் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. தங்கை படித்தாள்: குழந்தைகளின் வயிற்று வலிக்கு, இலையைக் கொதிக்க வைத்த நீர், இரண்டு சங்கு. மூக்கு அக்கா குனிந்தார். தலையாட்டவில்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். இருநூற்றுப் பதின்மூன்று: இலையை இடித்து ஓடையில் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். அதையும் முகர்ந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது மீன் இலை. இது புள்ளை இலை. மாத்திப் போட்டிருக்கே."

என் தங்கை எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பேட்டைப் புரட்டினாள். குறிப்பேடு சரியாக இருந்தது. தாள்தான் தவறு.

"இந்தச் சீட்டைப் பாத்து ஒரு தாய் தன் புள்ளைக்கு இதைக் காய்ச்சிக் கொடுத்தா என்னாகும்?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"ஒட்டறப்ப நான் பாத்திருக்கணும். என் தப்புதான் அக்கா" என்றாள் என் தங்கை.

அவர் தம்பி எழுந்துபோய்க் கூடையைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் அவருக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை. என் தங்கை முதல் கட்டைத் தானே எடுத்துக் கூடைக்குள் அடுக்கினாள். நாலு வருட வேலை. தாள் மடங்காமல் அடுக்கினாள்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு அலமாரியில் அப்பா இருப்பது அவளுக்குத் தெரியும். நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பேராசிரியை ஒருத்தி தவறு செய்தாள் என்று மலையில் பேசிக்கொள்வார்கள். பதிவாளரின் பெயர் அடிபடாது. ஆனால் இந்த வீட்டுப் பெண் செய்யாத தவறுக்குத் தலைகுனிந்து நிற்க, இந்த வீட்டு ஆண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் என்பது எந்தக் கணக்கில் கௌரவம்? இரண்டாம் கட்டு கூடைக்குள் போவதற்குள் எழுந்துவிட்டேன்.

அலமாரியைத் திறந்து அப்பாவை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். அன்று வெறும் ஈரமாக இருந்தது இரண்டு மாதத்தில் பழுப்பேறித் தெளிவாகியிருந்தது. அப்பாவின் நெற்றியில் ஓர் இலையின் அச்சு, ஓரமெல்லாம் ரம்பம். தாளின் மூலையில் என் தங்கையின் பென்சில் எழுத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. மூக்கு அக்கா அந்தக் கறையின் பக்கத்தில் புள்ளை இலையை வைத்துப் பார்த்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். சிறியதற்குச் சிறிய எண் கொடுத்தது வரை. அந்த இடத்தில் அவர் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். "அண்ணா, நீங்களா?" என்றாள் என் தங்கை. அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்குப் பதில் பணி நீக்க உத்தரவையே வாங்கியிருக்கலாம்.

பிறகு நான் சட்டத்துக்கு வந்தேன். ஏழாம் பிரிவு சேகரித்தவரின் தவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இங்கே தவறு செய்தவன் மூன்றாம் நபர். ஆகவே தாள்கள் திரும்ப வேண்டியதில்லை என்று வாதாடினேன். நன்றாகத்தான் வாதாடினேன். மூக்கு அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதான் தப்பு, பெரியவரே. மூணாம் ஆளு கையில எங்க செடி எப்படிப் போச்சு? எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. தன் வீட்டு மருந்து ஒண்ணைச் சொன்னவங்க எங்க ஆளு. எங்க ஆளு தப்பு பண்ணா உக்காந்து திருத்திக்கலாம். சொல்லாதவங்க வெளியாளு. வெளியாளு தொட்டிருந்தா கூடைதான்."

"இவ சொன்னாளா?" என்று தங்கையைக் காட்டிக் கேட்டேன்.

"மொத நாளே. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். ஏதோ ஒரு வீட்டு அம்மா சொன்னதாம். அவங்ககிட்ட கேட்டுட்டு வந்துதான் சொன்னா."

பதினேழாம் எண். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலணிக்கு மெருகேற்ற வாழைப்பழத் தோலை நான் பயன்படுத்தும் விதத்தைச் சொன்னேன். அது மருந்து இல்லை என்றார் அந்த அம்மாள். தேள் கடிக்கு என் மாமா ஒருவர் செய்த வைத்தியத்தைச் சொல்லத் தொடங்கினேன். மாமா பிழைத்தாரா என்று கேட்டார். மேலே சொல்லவில்லை. அப்போது அவர் தம்பிக்கு இருமல் வந்தது. உண்மையாகவே வந்ததா, வரவழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவி உள்ளே போய் எங்கள் புட்டியைக் கொண்டுவந்து மேசையில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு சொன்னதில்லை.

சொல்கிறேன், ஆனால் மற்றவர்கள் வெளியே போக வேண்டும் என்றேன்.

"நாங்க சொன்னப்ப யாரும் எழுந்து போகலையே" என்றார் மூக்கு அக்கா.

அப்பாவைப் பார்த்தேன். நெற்றியில் இலையோடு அவர் முன்பு போலக் கடுமையாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். பின்சுவரில் படரும் கொடியின் இலை ஒரு கைப்பிடி. புளிப்புப் பழத்தின் காய்ந்த தோல். மூன்றாவது, நாலு தலைமுறையாக யாரிடமும் சொல்லாதது: கிணற்றடியில் முள்ளோடு வளரும் அந்தக் குத்துச்செடியின் வேர், தோல் சீவி, சுண்டுவிரல் நீளம். சொல்லி முடித்ததும் புட்டியை மூக்கு அக்கா பக்கம் நகர்த்தினேன்.

மூக்கு அக்கா புட்டியைத் திறந்து முகர்ந்தார். "ஆமா, அந்த வேர்தான். எங்க ஊருல இதை ஆட்டுக்குக் கொடுப்போம், வயிறு ஊதினா."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை அதுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அதுவும் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. என் மனைவிதான் முதலில் சிரித்துவிட்டாள். ஆட்டுக்குப் பலன் தெரிகிறதா என்று நான் கேட்டேன். நன்றாகத் தெரியும் என்றார். அது ஓரளவு ஆறுதலாக இருந்தது.

என் தங்கை மட்டும் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை. அதைக் கவனித்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பதினோரு வயசுல கண்டுபிடிச்சேன் அண்ணா. வடிகட்டின சக்கையை அப்பா கிணத்தடியிலதானே கொட்டுவார்."

"அப்ப ஏன் எழுதல? வெற்று வரியா விட்டு வெச்சிருந்தியே."

"நீங்க சொல்லலையே" என்றாள். "சொல்லாததை நான் எழுதறதில்லை. காட்டுக்குள்ள அப்படி ஒரு விதி, வீட்டுக்குள்ள வேற விதின்னு வெச்சுக்க முடியுமா?"

அவள் பேரேட்டைக் கொண்டுவந்தாள். ஒன்று என்ற எண்ணுக்கு நேரே எழுதினாள். சொன்னவர் என்ற இடத்தில் 'அண்ணன்' என்று போட்டாள். ஓய்வு பெற்ற பதிவாளர் என்று முழுமையாக எழுத வேண்டும் என்றேன். எழுதினாள். அப்பாவின் பெயரையும், அவர் அப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள். இரண்டு சீட்டுகளையும் மூக்கு அக்காவின் முன்னாலேயே மாற்றி ஒட்டினோம். பசையை நான் தொடவில்லை. மீதித் தாள்கள் மாலைக்குள் முடிந்தன. ஒரு தவறும் இல்லை. அக்காவும் தம்பியும் ஒப்பந்தத்தின் அடியில் அச்சுக்கு ஒப்புதல் தந்து கையெழுத்திட்டார்கள்.

கூடை காலியாகப் போகவில்லை. ஆறு புட்டி இருமல் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆட்டுக்கா என்று கேட்டேன். ரெண்டு பேருக்கும் என்றார் தம்பி. மற்றவர் யார் என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு கிணற்றடிக்குப் போய் அந்தக் குத்துச்செடியை வேரோடு பிடுங்கி, மண் உதறி, தங்கையிடம் கொடுத்தேன். அழுத்திக் காய வைக்க ஒரு தாள் வேண்டும் என்று அவள் பழைய கட்டைத் தேடினாள். நான் மேசையில் கிடந்த தாளையே எடுத்து நீட்டினேன்.

"இதுலயா? அப்பா இருக்காரே."

"அவர்கிட்டயே இருக்கட்டும். இவ்வளவு நாள் காப்பாத்தினவர்தானே."

அவள் செடியைப் பரப்பி, ஓரத்தில் பென்சிலால் ஒன்று என்று எழுதி மடித்தாள். மேலே என் ஒன்பது சட்டப் புத்தகங்களையும் நானே தூக்கி வைத்தேன். நாளைக் காலை தாள் மாற்ற எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க அண்ணா" என்றாள். "தாளை மட்டும் நான் மாத்திக்கறேன்."